பாம்புச்செவிக்கு ஒரு கம்ப்யூட்டர்

என் அக்கா புருஷனுக்கு அவர் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பெயர் பாம்புச்செவி. நேரில் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் பெருமைதான்.

ஒலிப்புத்தகங்களுக்காகப் பதிவு செய்த குரல்களை வாங்கி, அவற்றில் ஒட்டியிருக்கும் அழுக்கைத் துடைத்து அனுப்புவது அவர் வேலை. அழுக்கு என்றால் எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது, எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடிப்பது. மாடி அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடுவதற்குத் தோளைத்தான் தட்ட வேண்டும்.

ஒரு முறை, ஒரு பதிவில் பின்னால் கடிகாரம் ஓடுகிறது என்றார். பதிவு செய்த அறையில் கடிகாரமே கிடையாது என்று பதிப்பகத்துக்காரர் அடித்துச் சொன்னார். கடைசியில் பார்த்தால், வாசித்த அம்மாவின் கைப்பைக்குள் பட்டை அறுந்த கைக்கடிகாரம் ஒன்று கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து மாமா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மற்றவர்களுக்கு ஒரு சத்தம் கேட்கவில்லை என்றால், சத்தம் இல்லை என்று அர்த்தமில்லை, அவர்களுக்குக் காது இல்லை என்று அர்த்தம்.

அந்தக் காதில்லாத கூட்டத்தில் முதல் ஆள் என் அக்கா. கீழே குழாய் சொட்டுவது மாடியில் இருப்பவருக்குக் கேட்கும், பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது.

"உனக்கெல்லாம் காது எதுக்கு? தோடு மாட்டத்தானே" என்பார்.

"உங்களுக்கு வாய் எதுக்கு? என்னைக் குறை சொல்லத்தானே" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். இருபது வருடக் குடித்தனத்தில் இந்த இரண்டு வரியும் தேய்ந்தே போயிருந்தன.

போன வருடம் அவருக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. நீண்ட நாவல் வரிசை. எல்லாப் பாகங்களையும் வாசிப்பது அதே கைக்கடிகார அம்மாதான். இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் சில வருடங்களுக்குக் கவலையில்லை. வேலை தொடங்கிய கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கொசு மாதிரி, ஆனால் இடம் மாறாத கொசு. பதிவில்தான் இருக்கிறது என்று நினைத்து, அந்த ஒற்றை ஸ்வரத்தைக் குரலிலிருந்து சீவிச் சீவி எடுத்தார். எடுக்க எடுக்க மிச்சம் இருந்தது.

பதிப்பகத்துக்காரர் தன்மையாகத்தான் பேசினார். "அண்ணே, அந்தம்மா குரல் தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. இன்னொரு பாகமும் இப்படியே வந்தா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

மாமா ஆடிப்போய்விட்டார். காதைத் தவிர அவரிடம் வேறு சொத்து கிடையாது. யோசித்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். மேஜைக்கடியில் ஃபேன் இரைச்சலோடு கிடந்த பழைய கம்ப்யூட்டர். கொசுவும் அதற்குள்தான் இருக்கிறது, அந்தச் சத்தம்தான் காதில் புகுந்து குழப்புகிறது என்றார். சத்தமே போடாத கம்ப்யூட்டர் ஒன்றைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துக் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. தண்ணீரில் குளிர்கிற வகை. தூக்கிச் சுமக்க நான்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. உள்ளே சூடாகிற சிப்பின் தலையில் ஒரு செம்புத் தகடு, அதன் மேல் தண்ணீர். சின்ன பம்ப் ஒன்று அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளும், அங்கே காற்றில் ஆறித் திரும்பி வரும். காரில் இருப்பதேதான்.

கடைக்காரர் பொறுமைசாலி, ஆனால் அவரையும் மாமா சோதித்துவிட்டார்.

"சார், இவ்ளோ பெரிய ரேடியேட்டர் உங்க வேலைக்குத் தேவையே இல்ல. இதுல ரெண்டு கம்ப்யூட்டரைக் குளிர வைக்கலாம்."

"பெருசா இருந்தாத்தான் ஃபேன் மெதுவா சுத்தும். மெதுவா சுத்தினாத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கும்."

கலர் கலராக மின்னும் ஃபேன்களைக் கடைக்காரர் ஆசையாக எடுத்து வைத்தார். "எனக்குக் கல்யாண மண்டபம் வேணாம்ப்பா, கம்ப்யூட்டர் போதும்" என்று மாமா தள்ளிவிட்டார். பிறகு ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார், கதவைச் சாத்தச் சொன்னார். ஒவ்வொரு ஃபேனாக ஓடவிட்டுக் காதருகே வைத்து, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி, இது வேண்டாம், இது வேண்டாம் என்று ஒதுக்கினார். கதவுக்கு வெளியே இரண்டு வாடிக்கையாளர்கள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். நான் யாரோ எவரோ என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பம்புக்கு ரப்பர் மெத்தை, உட்பக்கம் பஞ்சு ஒட்டிய கனமான கேபினட், தேவைப்பட்டால் மட்டும் ஃபேன் சுற்றுகிற பவர் சப்ளை எல்லாம் வந்து சேர்ந்தன.

சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பூட்டினோம். குழாய் இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்துத் தண்ணீர் ஊற்றினார்.

"தண்ணியையும் கரண்ட்டையும் ஒரே பொட்டியில வைக்கிறீங்களே, வெளங்குமா?" என்றாள் அக்கா.

எங்கும் கசியவில்லை. ஆனால் குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டு கடமுடவென்று வயிற்றைக் கலக்கிய மாதிரி சத்தம். காற்றை வெளியேற்ற ஒரே வழி, கேபினட்டை அப்படியும் இப்படியும் சாய்ப்பது. நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆட்டினோம். "தூங்கிடுச்சான்னு பாருடா" என்றாள். மாமாவே சிரித்துவிட்டார்.

குமிழிகள் போன பிறகு உண்மையிலேயே சத்தம் இல்லை. ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அதன் விளக்கைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மாமா மாடிக்குக் கொண்டுபோய் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது.

"கேக்குதே" என்றார்.

பம்ப்தான் என்றார். பம்பை மாற்றினோம். பவர் சப்ளை என்றார், அதையும் மாற்றினோம். ஃபேன் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கடைக்காரர் முகத்தில் சிரிப்பு மட்டும்தான் பாக்கி, அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் எரிச்சலாக இருந்தது. "மாமா, எனக்கு ஒண்ணுமே கேக்கலை" என்றால், "உனக்குக் கேட்டாத்தான் ஆச்சரியம்" என்பார். அக்கா ஒரு நாள், "ஏங்க, ஒருவேளை…" என்று ஆரம்பித்தாள். "உனக்குக் கேக்காதும்மா" என்று முடித்துவிட்டார். அடுத்த பாகம் தொடப்படாமல் கிடந்தது. பதிப்பகத்திலிருந்து போன் வந்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் கடைக்காரரே வேறொரு பம்போடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், அல்லது இத்தோடு தொலைந்தால் போதும் என்று வந்தாரோ என்னவோ. பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டோம். தண்ணீரை வாளியில் இறக்கினோம். பழைய பம்பைக் கழற்றி அவர் கையில் எடுத்தார். மாமா நாற்காலியில் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாருங்க, இப்பவும் கேக்குது. அதே பம்ப்தான். கொஞ்சம் நிறுத்துங்க அதை."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எதை சார் நிறுத்துறது?" என்றார்.

மாமா கண்ணைத் திறந்தார். கடைக்காரர் கையில் பம்ப், அதிலிருந்து சும்மா தொங்குகிற ஒயர், தரையில் பிளக், வாளியில் தண்ணீர். அக்கா கீழே இறங்கிப்போய் ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு மேலே வந்தாள். அறை வாசலில் நின்று மாமா முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றார்.

காது டாக்டர் அதிகம் பேசவில்லை. பல வருடம் ஹெட்ஃபோனில் கிடந்த காது, சத்தத்தை அதுவே உண்டாக்குகிறது, மருந்து கிடையாது, பழகிக்கொள்ளலாம் என்றார். திரும்பி வரும்போது, வீட்டுத் தெரு முனையில் மாமா கேட்டார்.

"அப்போ அந்தம்மா குரல்லருந்து நான் எதைடா வெட்டி எடுத்தேன்?"

அதுவரை கேலியாகப் பார்த்த மனுஷனை அன்றைக்குத்தான் பாவமாகப் பார்த்தேன்.

பதிப்பகத்துக்காரருக்கு அவரே போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஒரு பாகம் மட்டும் மறுபடி செய்து அனுப்புங்கள், பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த முறை நான் போனபோது கம்ப்யூட்டர் மறுபடி பூட்டப்பட்டு மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, முதலில் வந்த பதிவைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி.

"இங்க வந்து உக்காரு" என்றார் அக்காவிடம்.

"நான் என்னத்தைக் கண்டேன்? எனக்குத்தான் காதே கிடையாதே."

"உக்காரும்மா."

ஹெட்ஃபோனை அவரே மாட்டிவிட்டார். தோடு அழுத்தியது. அவள் இரண்டு தோடுகளையும் கழற்றிக் கம்ப்யூட்டர் மேல் வைத்தாள். அவை கொஞ்சம்கூட அதிரவில்லை. அவர் பதிவை ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொசு மாதிரி ஏதாவது கேக்குதா?"

"இல்லைங்க."

"நல்லாக் கேளு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அந்தம்மா மூச்சு விடுறாங்க. அப்புறம் படிக்கிறாங்க. வேற ஒண்ணும் இல்லைங்க."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீ சொன்னா சரிதான்" என்றார்.