நான் கை வைத்த படம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரக் கண்காட்சி வைத்தார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் வரைந்த படங்கள். எதிர்ச் சுவர் முழுக்க என் நண்பன் எடுத்த பறவை போட்டோக்கள். அவன் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அங்கே டிராயிங் வாத்தியாராக இருந்த அவன் மகன் வீடு தேடி வந்து அழைத்தான். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு கூட்டம் வருகிறது என்று பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. கூட்டம் வாசல்வரை நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். பதினைந்து வருஷமாகப் பழகிய மனசு, ஆள் போய்விட்டான் என்று நிறுத்திக்கொள்ளுமா?

நாங்கள் இருவரும் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் பாலக்கரைக்காரன், காமிரா அவன் கையில். எனக்கு டச்சிங் வேலை. அந்தக் காலத்தில் நெகடிவ் என்பது கண்ணாடிப் பிளேட்தான்; அதில் பென்சில் வைத்த இடம் படத்தில் வெளுக்கும், கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பை எடுப்பேன், பெண்ணின் ஒட்டிய கன்னத்தை நிரப்புவேன். படத்தை வாங்க வருகிறவர்கள் "என்னமா எடுத்திருக்கீங்க!" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். இடித்தவள் புடைத்தவள் இங்கே இருக்க, எட்டிப் பார்த்தவள் கொட்டிக்கொண்டு போனாளாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் பஸ் பிடித்துத் தொட்டியம் பக்கம் போய்விடுவான். அங்கே காவேரிக் கரை மருத மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். எடுத்த பிளேட்டுகளை எனக்குக் காட்டுவான், கொடுக்க மாட்டான். "மாப்ளே, இதுல மட்டும் கை வெச்சிடாதே. இருக்கிறபடியே இருக்கட்டும்" என்பான். முதலாளி அந்தப் படங்களை வாசல் கண்ணாடி அலமாரியில் வைத்தார். ஜவுளி வாங்க வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். என் கை படாத படத்தை ஊரே மெச்சியது. அன்றிலிருந்து அவனோடு சேர்ந்து காபி குடிக்கப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வருஷம் அந்த மருத மரங்களை வெட்ட ஏலம் விட்டார்கள். இவன் தாசில்தாரிடம் ஓடினான். கூட்டில் குஞ்சுகள் இருக்கின்றன, பறக்கிறவரைக்கும் இரண்டு மாசம் பொறுங்கள் என்று கெஞ்சினான். "அத்தாட்சி கொண்டாங்க, பாக்கலாம்" என்றார் அவர். பக்கத்து மரத்தில் பரண் கட்டி, நாள் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு பிளேட் எடுத்துக்கொண்டு வந்தான். கழுவிக் காயவைத்துவிட்டு முதல் தடவையாக என்னிடம் கொடுத்தான்.

"நான் போய் ஊர்ப் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு வரேன். நீ பிரிண்ட் மட்டும் போட்டு வை மாப்ளே."

பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாரை இரண்டு இறக்கைகளையும் அகல விரித்து, மகாராஜா மாதிரி நின்றது. அதன் காலடியில் வாயைப் பிளந்துகொண்டு மூன்று குஞ்சுகள். எவ்வளவு நல்ல போஸ், இந்த அசிங்கங்கள் கெடுக்கின்றனவே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தக் குஞ்சுகளுக்காகத்தான் படமே என்பது எனக்குத் தெரியும். என் கை படாமல் இன்னொரு படம் வெளியே போய்ப் பெயர் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். கத்தியை எடுத்து மூன்றையும் சுரண்டினேன். எந்தக் கல்யாணப் பெண்ணின் முகத்துக்கும் நான் அத்தனை நேர்த்தியாக வேலை செய்ததில்லை. பிரிண்ட் போட்டு, காகிதத்தில் சுற்றி ஒட்டிக் கொடுத்தேன். அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

"கூடு காலியாத்தானே இருக்கு?" என்றாராம் தாசில்தார். மறுநாளே மரங்கள் விழுந்தன.

அன்று சாயங்காலம் அவன் ஸ்டூடியோவுக்கு வந்து பிளேட்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்தான். "புள்ளி புள்ளியா இருந்துச்சு, சுத்தம் பண்ணினேன்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "சரி" என்றான். அதற்கப்புறம் ஊர் ஊராகப் போனான். கூடு இருக்கும் மரத்தில் கோடரி வைப்பதில்லை என்று ஒவ்வொரு ஊராரிடமும் கைச்சாத்து வாங்கினான். சில ஊர்களில் இன்றைக்கும் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் பறவைப் பிளேட் ஒன்றைக்கூட அவன் என் மேஜைமேல் வைக்கவில்லை.

கண்காட்சியில் அந்தப் படத்தைத்தான் நடுநாயகமாக மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால்தான் நெரிசல். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வெட்கமே இல்லாமல் இன்னும் கிட்டத்தில் போய் நின்றுகொண்டேன்.

மகன் பக்கத்தில் வந்தான். "போஸ் எப்படி நிக்குது பாத்தியா!" என்றேன்.

"போஸ் இல்லீங்க மாமா. உச்சி வெயில்ல குஞ்சுங்க தாங்காது. அதான் இறக்கையை விரிச்சு நிழல் பிடிக்குது. மூணு குஞ்சு இருந்துச்சாம்."

அது நிழல் பிடிக்கிற விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. படத்தைத் திரும்பவும் பார்த்தேன். வெறும் சுள்ளிகளுக்கு அது குடை பிடித்துக்கொண்டு நின்றது.

"அப்போ குஞ்சுங்க எங்கே?" என்று கேட்டேன். என்ன தைரியத்தில் கேட்டேனோ.

"பிளேட் ஈரமா இருக்கிறப்போ எங்க அத்தா கை பட்டு அந்த இடம் அழிஞ்சிடுச்சாம். தன் கவனக்குறைவாலதான் அத்தனை மரமும் போச்சுன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போயிட்டு வரேம்பா என்று கிளம்பினேன்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. அந்தப் படத்தைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன், அவன் ஒரு பொய் சொல்லியிருக்கிறான். அதிலும் அவன்தான் என்னை மிஞ்சிவிட்டான்.