மூன்று மாதப் போத்தல்

மூதூரில் ஹுஸ்னியாவின் வீட்டுத் தரையில் சோறு கொட்டினாலும் அள்ளிச் சாப்பிடலாம் என்பார்கள். பாதி மெச்சல், பாதி நக்கல். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் தனி ஆளாக இருந்துகொண்டு வாரத்தில் மூன்று நாள் தரை கழுவுகிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கட்டாரில் இருக்கும் கணவன் றஊப் வருகிற அன்று வீடு ஆயத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன முறை பிழைவிட்டதும் இந்த ஆசையால்தான். றஊப் தோகாவில் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்கிறார். காரமான துப்புரவு மருந்து ஊற்றிக் குளியலறைகளைக் கழுவிக் கழுவி நெஞ்சில் மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் ஒட்டிக்கொண்டது. கவலைப்படுவாள் என்று அதை அவளிடம் மறைத்துவிட்டார். இவளோ, ஹோட்டலில் இருந்து வருகிற மனுசனுக்கு வீடும் ஹோட்டல் மாதிரி இருக்கட்டும் என்று, கடையில் இருந்த காரமான மருந்துப் போத்தல்களையெல்லாம் வாங்கி வாசற்படி முதல் குசினி வரை ஊற்றித் தேய்த்துவைத்தாள். மூன்று வருடம் கழித்து வந்தவர் படியில் கால் வைத்தார். அந்த மணம் ஏறியதுதான் தாமதம், பெட்டியைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு முற்றத்துக் கதிரையில் சாய்ந்தார். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

“அந்த வாசத்த உட்டுட்டு வரத்தான் ஓடி வந்தனான் ஹுஸ்னி,” என்றார் மறுநாள். “அது எனக்கு முன்னால வந்து வீட்டுல இரிக்கிது.”

பழியாகச் சொல்லவில்லை. பழியாகச் சொல்லியிருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். ஒரு மாத லீவில் பாதி நாள் அவர் வெளிவிறாந்தையில்தான் படுத்தார்.

அவர் திரும்பிப் போன கிழமையே கடைப் போத்தல்களை எறிந்தாள். பாத்திரத்துக்குச் சாம்பலும் தேங்காய்த் தும்பும், பித்தளைக்குப் புளி, கண்ணாடிக்கு வினாகிரி என்று வைத்துக்கொண்டாள். தரைக்குத்தான் பெரிய பாடு. இறங்குதுறைப் பக்கம் சர்பத் கடை வைத்திருக்கும் முஹம்மது தம்பியிடம் பிழிந்த தேசிக்காய்த் தோலைக் கேட்டு வாங்கிவருவாள். மூன்று பங்கு தோல், ஒரு பங்கு வெல்லச் சர்க்கரைக் கட்டி, பத்துப் பங்கு தண்ணீர். பெரிய பிளாஸ்டிக் போத்தலில் மேலே கொஞ்சம் இடம் விட்டு அடைத்து, நாளுக்கு ஒருதரம் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். மறந்தால் வெடிக்கும். மூன்று மாதம் புளித்ததும் வடித்து வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலந்தால் போதும். தரையும் பளிச்சென்று இருக்கும், மூக்கையும் உறுத்தாது.

அந்த மூன்று மாதம்தான் வினை. றஊப் கதைக்கும்போதெல்லாம் “இன்னும் மூணு மாசம், வந்திருவன்” என்பார். பதிலுக்கு ஆள் வந்ததும் விடுவதாக முதலாளி சொல்கிறாராம். அவர் அப்படிச் சொன்ன அன்றே ஹுஸ்னியா ஒரு போத்தல் போட்டு, திகதி எழுதி ஒட்டி, வீடியோவில் அவருக்கும் காட்டுவாள். போத்தல் சொன்ன தவணைக்குப் பழுத்துவிடும். மனுசன் வர மாட்டார். பழுத்ததை என்ன செய்வது? தரையைக் கழுவுவாள். இப்படி ஏழு போத்தல். ஊர் சிரித்த சுத்தம் இப்படி வந்ததுதான்.

ஏழாவது போத்தலை வடித்த அன்று, அக்கா அண்ணன் என்று முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்துவீட்டு லைலா எட்டிப் பார்த்தாள்.

“றஊப் காக்கா வாற பாட்டக் காணல்ல ராத்தா. உங்கட தரைதான் தேயப்போகுது.”

பகிடிதான். ஆனால் அன்றைக்கு அது சுட்டுவிட்டது. கலியாணம் முடித்து இருபது வருடம். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த நாட்களைக் கூட்டினால் நாலு வருடம் தேறாது. அவளுக்கு அந்த மனுசன் பக்கத்தில் வேண்டும். இருமினாலும் சரி, இழுத்தாலும் சரி.

அஸர் தொழுகைக்குப் பிறகு றஊப் போனில் அழைத்தார்.

“முதலாளியோட கதைச்சன் புள்ள. இன்னும் மூணு…”

“வேணாம்,” என்றாள். “இனி நான் போத்தல் போட மாட்டன். தோல் வெட்டி வெட்டிக் கையெல்லாம் எரியுது. நீங்க வாற அண்டைக்கு வீடு ஊத்தையாத்தான் கிடக்கும். அப்பிடியே வாங்க.”

அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டது. பிறகு “சரி” என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் அழைப்பு இல்லை. ஹுஸ்னியா வீட்டைக் கூட்டக்கூட இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வீடியோவில் வந்தார். அவருக்குப் பின்னால், அலுமாரியின் மேல் பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று. உள்ளே மஞ்சளாக ஏதோ மிதந்தது.

“என்ன அது?”

“தோடம்பழத் தோல். ஹோட்டல் குசினியில ஜூஸ் பிழிஞ்சிட்டுக் குப்பைக்குப் போறது. சர்க்கரைக் கட்டி கிடைக்கல்ல, சீனிதான் போட்டன். நீ போட மாட்டன் எண்டிட்டாய், அதான் நான் போட்டிரிக்கன். வேலைய உடுறனெண்டு கடிதமும் குடுத்திட்டன். கடைசி நாள எழுதியே தந்திட்டாங்க.”

போத்தலை இறக்கித் திருப்பிக் காட்டினார். அவளைப்போலவே தாள் ஒட்டியிருந்தார். அவள் எழுதுவது போட்ட திகதி. அவர் எழுதியிருந்தது ஊருக்கு வருகிற திகதி.

ஹுஸ்னியா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகுதான் தண்ணீர் மூடியை முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டாள்.

“அல்லாவே, கழுத்து வரைக்கும் நிரப்பி வெச்சிரிக்கீங்க! எப்ப போட்டீங்க?”

“முந்தாநாள்.”

“ஒருக்காவும் திறக்கல்லியா? திறங்க. இப்பவே திறங்க.”

திறந்தார். ‘புஸ்’ என்று சீறி நுரை அவர் சட்டையெல்லாம் வழிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இருமல் வரவில்லை.

“நல்ல வாசம் புள்ள,” என்றார்.

போனில் மணம் வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“நாளைக்கும் திறக்கோணும்,” என்றாள். “மறந்திராதீங்க. நாளைக்கும் எனக்குப் போன் எடுங்க.”