அக்கா நடத்திய இலைப் பாடம்

எங்கள் அன்பு அக்கா பிரிந்து ஓராண்டு ஆகிறது. கடைசிவரை கூட இருந்தவள் நீ, நீதான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். மனம் சோர்ந்துதான் கிடக்கிறது.

இரத்தினபுரி மாவட்டத்தில் நிவித்திகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். உயர்தரப் பரீட்சை முடித்த அக்கா தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியை ஆனார். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். வீடு திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். சைகையால்தான் தேநீர் கேட்பார்.

ஒருநாள், செடிகள் இலையில் உணவு தயாரிப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வேர் தண்ணீர் அனுப்புகிறது, இலை காற்றை இழுக்கிறது, வெயில் பட்டால் இலைக்குள் சாப்பாடு தயார் என்று விளக்கினார். செல்வி என்ற சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், எங்கம்மா தெனமும் எலயப் பறிக்கிறாங்களே, அப்ப தேயிலச் செடி பட்டினியா கெடக்குமா?"

அக்கா தெரியாது என்றே சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார்.

காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, "நாங்க கொழுந்தத்தானே எடுக்குறோம். கீழ முத்துன எலயில கை வைக்க மாட்டோம். அதையும் உருவுனா செடி செத்துரும். இதுகூடவா படிச்சவங்களுக்குத் தெரியாது?" என்றார்.

மறுநாள் அக்கா பிள்ளைகளை அம்மா வேலை செய்த மலைக்கே கூட்டிப் போனார். முதுகில் கூடையோடு அம்மா செடியை விலக்கிக் காட்ட, பிள்ளைகள் முற்றிய இலைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். "இன்னைக்கு ஒங்க டீச்சர் எங்கம்மாதான்" என்றார் அக்கா. அம்மாவுக்கு ஒரே வெட்கம்.

அனுமதி இல்லாமல் போனதாகக் கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு போனது. அக்கா இரண்டு பஸ் ஏறிப் போய் விளக்கம் சொல்லி, ஏச்சு வாங்கி, முகம் வாடித் திரும்பினார்.

"இனிமே விட்டுருங்கக்கா" என்றேன்.

"அடுத்த வருசம் முன்னாடியே கடுதாசி குடுத்துர்றேன். அவ்வளவுதானே."

அப்படியே செய்தார். அதன்பின் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் மலைக்குப் போனார்கள்.

அம்மா மறைந்த சில வருடங்களில் அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாகின. வாரத்தில் இரண்டு நாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு, மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். கடைசியில் எழுந்திருக்க முடியாமல் போனது.

அப்போதுதான் செல்வி வந்தாள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, அவளும் கொழுந்து பறிக்கிறாள். கறை படிந்து வெடித்திருந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு அக்கா அழுதார்.

"ஒன்னைய மேல படிக்க வெச்சிருக்கணும். முடியாமப் போச்சே."

"அழாதீங்க டீச்சர். நா கேட்ட ஒரு கேள்விக்காக ஏச்சு வாங்குன ஆளு, இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தருதான்."

அக்கா அவள் கையை விடவே இல்லை. அடுத்த வாரம் அமைதியாகக் கண்மூடினார்.

'அக்கே' என்று அழைத்துத் தன் திரீவீல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற சிங்களச் சகோதரருக்கும், மருத்துவர், தாதியருக்கும், பாடை சுமந்த தோட்டத்து மக்களுக்கும், உடன் பணிபுரிந்த ஆசிரியருக்கும் எங்கள் நன்றி. அக்காவைப் பார்த்துக்கொண்ட களைப்பு இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை. அது போய்விட்டால் அக்காவும் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.