பிளே

"கேமராவுல முப்பத்தாறு ஃபிலிம்தான் இருக்கு. ஆளுக்கு மூணு படம்" என்றார் மேடம்.

ஓசூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. படித்ததை வெளியில் எங்கே பார்த்தோமோ அதைப் படமெடுத்து வந்து வகுப்பில் பேச வேண்டும். பரீட்சைக்குப் பதில் அதற்குத்தான் இருபது மார்க். முதலிடம் வருகிறவருக்குப் பெரிய கம்பெனி ஒன்றில் புராஜெக்ட்.

அது எனக்குத்தான் என்று இருந்தேன். எல்லாப் பரீட்சையிலும் நான்தான் முதல். வகுப்பில் பன்னிரண்டு பேர், அதில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் மகள். அரியர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் அப்பாவை அவளும் அப்பா என்றே கூப்பிடுவாள். அதுவே எனக்குப் பிடிக்காது.

நான் கல்லூரியின் கம்ப்யூட்டரில் ஓடும் புது சிஎன்சி மெஷினைத் துடைத்துவிட்டு மூன்று பக்கமிருந்து எடுத்தேன். பளபளவென்று வந்தது.

அவள் எடுத்து வந்தது ஒரு கை. பழைய லேத்தின் கைப்பிடியைத் திருப்பும் கை. முதல் படத்தில் கைப்பிடி அளவுக் குறியைத் தாண்டிவிட்டது. அடுத்ததில் அரைச் சுற்று பின்னால் போகிறது. மூன்றாவதில் மறுபடி முன்னால் வந்து குறியில் நிற்கிறது. கட்டைவிரல் நகம் பாதி இல்லை. யார் கை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"குறி தாண்டிட்டா அப்படியே பின்னால திருப்பி நிறுத்தக் கூடாதுங்க மேடம். திருகுல பிளே இருக்கும், கொஞ்சம் லூசா ஆடும். நல்லா பின்னால போயிட்டுத் திரும்ப வரணும். பட்டறையில பிளேன்னு சொல்றாங்களே, அதுதாங்க நம்ம புக்குல இருக்கற பேக்லாஷ்" என்றாள்.

பேக்லாஷ் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான். "மெஷின்ல ஒரே பிளே" என்று அப்பா தினமும் வந்து எரிந்து விழுவார். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தெரியாது.

மேடம் என்னிடம் கேட்டார்: "உன் படத்துல மெஷின் இருக்கு. நீ கத்துக்கிட்டது எங்க இருக்கு?"

எனக்குப் பதினொன்று, அவளுக்குப் பத்தொன்பது. புராஜெக்டும் அவளுக்கே.

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "அவளை எதுக்குப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அப்பா திருநெல்வேலிக்காரர். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தப் பிள்ள கேட்டுச்சு. ஏட்டி, நீ என்னைக்குக் கேட்ட? ஒனக்குத்தான் ஆயில் நாத்தம் ஆகாதே."

அடுத்த ஞாயிறு அவள் அந்த மூன்றாவது படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. அப்பா வாங்கி டிவி மேல் சாய்த்து வைத்தார். படிப்பு முடியும்வரை அதன் எதிரில்தான் உட்கார்ந்து படித்தேன். என் அப்பாவின் கை. எடுத்தது அவள்.