நாற்காலி மேல் ஏறிய டார்கஸ்

டார்கஸ் பிளென்கினுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். விட்பி கடற்கரையில் மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவளிடம் போய் வளைந்து கொடு என்றால் கேட்பாளா? பதினைந்து வயதில் கம்பளி வியாபாரி ஹெஸ்கெத் வீட்டுக்குத் தாதியாக வந்தாள். வந்த வருஷமே எஜமானியம்மாள் ஒரு பெண்ணைப் பெற்றுப்போட்டுவிட்டு ஜுரத்தில் கண்ணை மூடினாள். லெட்டிஸ் என்கிற அந்தப் பச்சை மண் டார்கஸின் மடிக்கு வந்து சேர்ந்தது. அப்பா இருந்தாரே என்பீர்கள். இருந்தார், யார் இல்லையென்றது! ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது மகளின் தலையில் இரண்டு விரலை வைத்து "சௌக்கியமா?" என்று கேட்பார். அந்த மனிதரின் பாசம் அதோடு சரி.

மற்ற எல்லாம் டார்கஸ்தான். ஒரு வயது ஆகும்வரை பிள்ளையின் நகத்தைக் கத்தரித்தால் திருட்டுக் கை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அந்தப் பிஞ்சு நகங்களைத் தன் பல்லாலேயே கடித்து எடுத்தாள். வண்டிச் சக்கரம் செய்கிற ஜேபெஸ் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்துக் கிடந்தான். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்று இழுத்தடித்தாள். அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளுடைய சித்தப்பா மகளையே கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கும் போனாளே மகராசி, இடுப்பில் லெட்டிஸோடு!

தான் வளர்ந்த மாடியறையை லெட்டிஸ் இன்றைக்கும் மறக்கவில்லை. வெளியே மழை கொட்டும். கணப்புக்கு முன்னால் ஈரத்துணி ஆவி விடும். ஓட்ஸ் கஞ்சியில் கறுப்புப் பாகு ஊற்றி, ஊதி ஊதி ஊட்டிக்கொண்டே டார்கஸ் பாடுவாள். சுருதியாவது ஒன்றாவது! ஆனாலும் அந்தப் பாட்டு இல்லாமல் பிள்ளை தூங்கியதில்லை. அந்தச் சுகம் பிறகு எங்கே கிடைத்தது?

வளர்ந்தாள், யார்க் நகரத்து டாக்டர் ஆம்ப்ரோஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவும் காலமானார், வீடு விற்றுப்போயிற்று. டார்கஸ் தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டு கிடந்தாள். தலைப்பிள்ளைக்கு நாள் நெருங்கியதும், "எனக்கு டார்கஸ் வேணும்" என்று லெட்டிஸ் ஒற்றைக் காலில் நின்றாள். டாக்டர் நல்லவர்தான், ஆனால் படித்த படிப்பு தலைக்கு ஏறியிருந்தது. வாசலிலேயே கண்டிப்பாகச் சொன்னார்.

"இந்தாம்மா, பழங்காலத்துச் சடங்கு சாங்கியம் ஒண்ணும் என் வீட்டுல நடக்கக் கூடாது. ஒண்ணு பண்ணினாலும் அன்னிக்கே ஊருக்கு வண்டி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கய்யா" என்றாள் டார்கஸ். அவளுக்கு வேறென்ன வேண்டும், லெட்டிஸின் பிள்ளையைக் கையில் ஏந்தினால் போதாதா? நகத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று மனசுக்குள் தீர்மானமே செய்துவிட்டாள்.

பிள்ளை பிறந்தது, ஆண். காற்றோட்டத்துக்காகப் பிரசவ அறையை வீட்டின் உச்சி மாடியில் வைத்திருந்தார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்த திருமதி பின்னக் என்ற நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "கீழ வைத்திய அறைக்குக் கொண்டு போகணும், எடை பாக்கணுமாம்" என்றாள்.

டார்கஸுக்கு ஊர் நம்பிக்கை ஒன்று நினைவுக்கு வந்தது. பிறந்த பிள்ளையின் முதல் பயணம் மேலேதான் போக வேண்டும். முதலிலேயே படி இறங்கிய பிள்ளைக்கு வாழ்க்கை முழுக்க இறக்கம்தான். அதற்குமேல் மாடி இருந்தால் நாலு படி ஏறி இறங்கியிருப்பாள், பிரச்சினை முடிந்திருக்கும். மேலே கூரை அல்லவா இருந்தது!

"ஒரு நிமிஷம் குடுங்கம்மா, முகம் பாத்துட்டுத் தரேன்" என்று பிள்ளையை வாங்கினாள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, பிள்ளையோடு அதன்மேல் ஏறி நின்றாள். முட்டி வலிக்காரி, ஆடி ஆடி நின்றாள். கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"இறங்கு! என் பிள்ளையைக் கீழ போட்டுக் கொல்லப் பாக்கறியா?"

"இந்தக் கை இதுவரைக்கும் எந்தப் பிள்ளையையும் கீழ போட்டதில்லீங்கய்யா" என்று சொல்லி இறங்கினாள். பிள்ளையை அவர் பிடுங்கிக்கொண்டார்.

"சொன்னேனா இல்லையா? சாயங்கால வண்டிக்குக் கிளம்பு."

டார்கஸ் கட்டிலைப் பார்த்தாள். லெட்டிஸ் கண்ணை மூடிக் கிடந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரின் திட்டு டார்கஸைத் தைக்கவில்லை. அந்த மௌனம்தான் நெஞ்சில் தைத்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்ததென்று தங்கை கேலி செய்வாளே என்று நினைத்தபடி படி இறங்கிப் போய், சமையலறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேலே லெட்டிஸ் கண்ணைத் திறந்தாள். மயக்கத்தில் பாதிதான் அவள் காதில் விழுந்திருந்தது.

"டார்கஸ் எங்க?"

"ஊருக்கு அனுப்பறேன். பேச்சு பேச்சா இருக்கணும்."

"என்னங்க, எங்கம்மா முகம் எனக்குத் தெரியாது. அம்மான்னு யாராவது சொன்னா எனக்கு ஞாபகம் வர்ற ஒரே முகம் அதுதான்." பேச முடியாமல் மூச்சு வாங்கியது. "பிள்ளை பெத்த அன்னிக்கே என் அம்மாவை வீட்டை விட்டுத் துரத்தறீங்க. துரத்துங்க. ஆனா நீங்களே போய் அதைச் சொல்லிட்டு வாங்க."

டாக்டர் சமையலறைக்கு வந்தார். தலைக்கு முக்காடும் போட்டுக்கொண்டு டார்கஸ் தயாராக எழுந்து நின்றாள்.

"வண்டி வந்திருச்சுங்களா ஐயா?"

"இல்ல." அவர் தொண்டையைச் செருமினார். "லெட்டிஸ் சொல்றா... அவளோட அம்மாவை நான் துரத்தறேனாம்."

டார்கஸ் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் தனக்கென்று கேட்டதே இல்லை. குழந்தை லெட்டிஸ் மழலையில் ஒரு தரம் அப்படிக் கூப்பிட்டபோது, எஜமான் காதில் விழுந்தால் வேலை போய்விடும், பிள்ளையும் போய்விடும் என்று பயந்து அதன் வாயைப் பொத்தியவள் அவள்தான்.

"அவ வாயால ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கய்யா" என்றாள், குரல் உடைய. "கேட்டுட்டுப் போயிடறேன்."

 டாக்டர் குனிந்து அவளுடைய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.