நிலவு அசைந்த வீடியோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் லைன் லீடர். பாத்ரூமில் யாரோ நிற்கிறார்கள் என்று ஒரு பெண் அழுதுகொண்டு வந்தபோது, நானே போய்க் கதவைத் திறந்து காட்டி, "இன்னாடி கீது இங்க? போய் வேலையப் பாரு" என்று விரட்டியவள். நீங்கள் இப்போது சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். மெஷினைத் தொடும் முன்பு ஒருவர் விரலை நீட்டிச் சத்தமாகக் கேட்க வேண்டும், இன்னொருவர் பார்த்துவிட்டு "ஓகே" சொல்ல வேண்டும், சரியில்லை என்றால் "என்ஜி". பதில் வராமல் வேலையைத் தொடங்கக் கூடாது. என் வீட்டுக்காரரும் அங்கேதான், தரம் பார்க்கிற பிரிவில் இருந்தார். மனுஷனுக்கு வானத்தின் மேல் பைத்தியம். படப்பை தாண்டி மனை வாங்கி வீடு கட்டியதே பின்பக்கத் தோட்டத்துக்காகத்தான். விடியற்காலையில் டெலஸ்கோப்பை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, அதில் செல்லை மாட்டி, நிலவையும் கிரகங்களையும் வீடியோ எடுப்பார். அதிலிருந்து தெளிவாக விழுந்ததை மட்டும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால்தான் நல்ல படம் கிடைக்குமாம். செல்லைத் தொட்டால் எல்லாம் ஆடும் என்பதால் ரெக்கார்டை முதலிலேயே ஓடவிட்டுவிடுவோம், அந்த ஆட்டம் அடங்குகிற வரைக்கும் நான் கம்பெனி மாதிரியே விரலை நீட்டிக் கேட்பேன். "காலு?" "ஓகே." "டியூபு?" "ஓகே." "ஃபோகஸ்?" "ஓகே மேடம்" என்று ஒரு சல்யூட் வேறு அடிப்பார்.

தேய்பிறை நிலவும் விடிவெள்ளியும் ஒட்டினாற்போல நிற்கிற ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. எப்போது பார்த்தாலும் மேகம் வந்து கெடுக்கும். கடைசிவரை அது அமையவே இல்லை. மார்வலி என்று போனவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீடு என்னைத் தின்றது. சுற்றிலும் காலி மனை. பேச ஆளில்லாமல் மிக்ஸியைத் திட்டிக்கொண்டிருப்பேன். புனேயில் வேலை பார்க்கிற மகன் வினோத் தினமும் போனில், "தனியா அங்க இன்னாமா பண்ற? வூட்டக் குடுத்துட்டு இங்க வந்துடும்மா" என்பான். சரி என்றேன். வீடு பார்க்க ஆள் வருவதாக இருந்த அன்று விடியற்காலை, நிலவும் வெள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று அவருடைய செல் ஞாபகப்படுத்தியது, அவர் எப்போதோ குறித்து வைத்தது. போவதற்கு முன்னால் இதையாவது எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. யாருக்குக் கொடுக்க? அதெல்லாம் யோசிக்கவில்லை.

வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. டெலஸ்கோப்பில் அவர் செல்லை மாட்டி ரெக்கார்டை ஓடவிட்டேன். கை தானாக நீண்டது. "காலு?" என்றேன், சும்மா, பழக்கதோஷம்.

"என்ஜி."

எனக்குப் பின்னாலிருந்து. அவர் குரல். சளி பிடித்தால் கொஞ்சம் கம்மும், அப்படி.

சத்தியமாகச் சொல்கிறேன், பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. திரும்பினால் போய்விடுவாரோ என்று திரும்பவில்லை. குனிந்து தடவிப் பார்த்தால் ஸ்டாண்டின் ஒரு காலில் திருகு கழன்று தொங்குகிறது. கொஞ்சம் சாய்ந்திருந்தால் டெலஸ்கோப்பு தரையில் விழுந்து நொறுங்கியிருக்கும். இறுக்கினேன். மறுபடி கேட்டேன். "ஓகே" என்றார். டியூபு, ஓகே. ஃபோகஸ், ஓகே. அப்புறம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது, "சாப்ட்டியாய்யா?" என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. நன்றாக வெளுக்கிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

வீடு பார்க்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். வீடியோவை வினோத்துக்கு அனுப்பிவிட்டு, அவனே கேட்டுச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது.

"இது எப்ப எடுத்ததும்மா? அப்பா மட்டும் பேசிக்கினு கீறாரு. நீ எங்கம்மா?"

பக்கத்திலேதான்டா நின்றேன் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் நானே போட்டுக் கேட்டேன். காகம் கத்துகிறது. ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. "என்ஜி" கேட்கிறது, உடனே நான் திருகை இறுக்கியதில் நிலவும் வெள்ளியும் சேர்ந்து ஒரு குலுக்குக் குலுங்கி நிற்கின்றன. அப்புறம் ஓகே, ஓகே, ஓகே. நடுநடுவே நான் கேட்ட இடத்தில் எல்லாம் சத்தமே இல்லை. வாய்விட்டுத்தான் அவரைக் கேட்டேன், என் குரல் ஒன்றுகூட அதில் இல்லை. "சாப்ட்டியாய்யா" கூட இல்லை.

வீட்டை விற்கவில்லை. இப்போதும் லீவு நாளில் விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் ரெக்கார்டை ஓடவிட்டு, விரலை நீட்டிக் கேட்கிறேன், பதில் வருவதில்லை. உள்ளே வந்து உடனே அன்றைக்கு எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்துவிடுவேன். அவர் இருக்கிறாரா என்று இல்லை. நான் இருக்கிறேனா என்று.