முன்முனைக்கு அடியில் மறைந்த படகு

கர்த்தருக்குள் அன்பான சபையாரே, முப்பது வருடம் கடலில் இருந்தும் நீச்சல் ஒழுங்காக வராத போத்தனூர்க்காரன், ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன், எழுதுகிறேன். போன ஜூலையிலிருந்து கண்ணை மூடினால் ஒரு நீலப் படகு வருகிறது. வந்து, மறைந்துவிடுகிறது.

துறைமுகத்துக்குள் கேப்டன் தன் இஷ்டத்துக்கு நுழைந்துவிட முடியாது. அந்த ஊர்த் தண்ணீரின் ஆழமும் ஓட்டமும் அறிந்த பைலட் ஒருவர் சிறு படகில் வந்து, கயிற்றேணியில் ஏறி, வழி சொல்வார். (பைலட் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் பீளமேட்டு விமான நிலையப் பக்கம் வானத்தைப் பார்க்கிறார்கள். அவரல்ல, இவர் வேறு.) அவர் சொல்படிதான் கப்பல் போகும். ஆனால் பொறுப்பு கேப்டனைவிட்டுப் போகாது. ஆபத்து என்று பட்டால் கேப்டன் குறுக்கிட்டே ஆக வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது.

எனக்குத்தான் மறுத்துப் பேச வராது. கல்யாணப் பந்தியில் போதும் என்று சொல்ல முடியாமல் நாலாவது தடவையும் சோறு வாங்கிக்கொள்கிறவன் நான். "ஏனுங்க, வாயைத் தொறக்கக்கூட வேண்டாமுங்க. எலைய கையால மறைச்சாப் போதுமுங்க" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. கையும் வராது.

அன்று செவ்வாய்க்கிழமை காலை, மழைத் தூறல். பைலட் என்னைவிட மூத்தவர், அனுபவசாலி. கால்வாய்க்குள் நுழைந்ததும் நேர் எதிரே அந்த நீலப் படகு நின்றது. உள்ளே இரண்டு பேர், பின்பக்கம் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். பைலட் இரண்டு முறை சங்கு ஊதச் சொன்னார். படகு நகரவில்லை.

கப்பலின் முன்முனையில் நின்ற முதன்மை அதிகாரி பழனிசாமி, பொள்ளாச்சிக்காரர், வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். "கேப்டன்ங்க, படகு ஒண்ணு நடுவுல நிக்குதுங்க. கொஞ்சம் பாத்துக்கறீங்களாங்க?"

நான் பைலட்டைப் பார்த்தேன்.

"இவங்க தினமும் இப்படித்தான் கேப்டன். கடைசி நிமிஷத்துல நகந்துடுவாங்க" என்றார்.

"சரிங்க" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன மிக மோசமான சொல் அதுதான்.

அவர்கள் இழுப்பது படகைத் தள்ளும் எஞ்சின் விசிறியில் சிக்கிய வலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படகால் நகர முடியாது. ஆண்டவரே, இவரே நிறுத்தச் சொல்லட்டும் என்று ஜெபித்தேன். பக்தி என்று நினைக்காதீர்கள், கோழைத்தனம். பைலட் ஒன்றும் சொல்லவில்லை. படகு பெரிதாகிக்கொண்டே வந்தது. என் நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. அப்போதுதான் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, என் வாயைத் திறந்தருளும்."

அடுத்து கேட்டது என் குரல்தான் என்று சுக்கான் பிடித்தவர் பிறகு சாட்சி சொன்னார். எனக்கு அது வேறு யாருடைய குரலோ போல இருந்தது. "கட்டளை என் கையில! சுக்கான் முழுக்க வலது! எஞ்சின் முழு வேகத்துல பின்னால!"

வலதுபுறம் சேற்றுத் திட்டு இருந்தது. தெரிந்தேதான் திருப்பினேன்.

நாங்கள் நிற்கும் மேல்தளத்திலிருந்து கப்பலின் மூக்குக்குக் கீழே இருக்கும் தண்ணீர் தெரியாது. படகு அந்த மறைவுக்குள் போனது.

"பழனிசாமி, படகு எங்க?"

வாக்கிடாக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது.

"பழனிசாமி!"

கப்பல் முழுவதும் நடுங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் நான் இன்னும் இருக்கிறேன்.

"வந்துருச்சுங்க... இடது பக்கமா வெளிய வந்துருச்சுங்க. ரெண்டு பேரும் இருக்காங்கங்க கேப்டன்." பழனிசாமி அழுதுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்ததில் பேச மறந்துவிட்டாராம்.

கப்பல் சேற்றில் மெல்லப் பதிந்து நின்றது. நீலப் படகு எங்கள் பக்கவாட்டில் உரசியபடி பின்னால் போனது. அதிலிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினார். கும்பிடா, சாபமா, இன்றுவரை தெரியாது.

பைலட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லாமல் கேட்டார்: "உங்களுக்குத் தோணியிருக்கு சார். ஏன் முன்னாடியே சொல்லல?"

மறுநாள் இழுவைப் படகுகள் கப்பலை மீட்டன. விசாரணை நடந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிக் கொடுத்தேன். பைலட்டின் கேள்விக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை.

கர்த்தரே என் பைலட் என்று இதே சபையில் எத்தனையோ முறை சாட்சி சொல்லி, ஆமென் வாங்கி, நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன். பைலட் ஏறிவிட்டால் கேப்டன் தூங்கலாம் என்று எந்தக் கடலிலும் விதி கிடையாது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் என் வாயைத் திறந்தார். இரண்டு உயிர் பிழைத்தது. அவருக்கே ஸ்தோத்திரம். ஆனால் நான் கேட்கும்வரை, அந்தப் படகு கிட்டே வந்துகொண்டேதான் இருந்தது.

இப்போது பந்தியில் இலையை மறைக்கிறேன். பைலட்டுகளிடம், "சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்து, தப்பாக நினைத்தாலும் சொல்லி முடிக்கிறேன். உங்கள் தொண்டையிலும் ஒரு சொல் நிற்கிறதா? அவரிடம் கேளுங்கள், கொடுப்பார். என்னைப் போலத் தாமதித்துக் கேட்காதீர்கள்.

நீலப் படகு இன்றைக்கும் வந்தது. மறைந்தது. பெயர் தெரியாத அந்த இருவருக்காக, அது வெளியே வரும்வரை ஜெபித்தேன்.